கம்பெனிக்குச் சொல்லாமல் விட்ட சின்ன இடி

என் அருமை மகளுக்கு,

மூன்று உலகங்களிலும் புகழ்பெற்ற உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. (மூன்று தெரு என்று திருத்தச் சொல்கிறார் உன் அம்மா. போகட்டும்.) இங்கே உன் அப்பா, உன் அம்மா, நான், நீ விட்டுப்போன கார், நால்வரும் நலம். இந்த நாலில் ஒன்று பச்சைப் பொய், அது எது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள், வெந்நீர் குடிக்கிறாயா அல்லது குடித்தேன் என்று போனில் சொல்வதோடு சரியா என்று உன் அம்மா கேட்கச் சொன்னார். அவருக்கு முழங்கால் தேவலை. படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார், அப்படி ஏறினால் வலி தெரிவதில்லையாம், வைத்தியச் செலவு மிச்சம் என்று நானும் பொறுத்துக்கொள்கிறேன். மேல்வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு டிரம்பெட் வாங்கி வந்து சாயங்காலம் ஐந்து மணியானால் ஊதுகிறார். சளி பிடித்த யானை மூக்குச் சிந்துவது போல ஒரு நாதம். நம் வீட்டில் பரம்பரையாகக் குடியிருந்த பல்லிகள்கூட மூட்டை கட்டிவிட்டன. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் ரகசியம் பேசப் போன் உதவாது மகளே. உன் அப்பாவுக்கு ஒரு காது மந்தம் என்பதெல்லாம் அவரிடம் வேலை சொல்லும்போது மட்டும்தான், அவரைப் பற்றிப் பேசினால் மூன்று சுவர் தாண்டியும் கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஏழாம் தேதி காலை பதினோரு மணிக்கு உன் அப்பா உன் காரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். மாத்திரை வாங்கியாயிற்று, வெளியே வண்டியை எடுக்க வேண்டும், அதுவும் பின்னால் எடுக்க வேண்டும். உன் அப்பாவுக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது கௌரவக் குறைவு என்பது உனக்குத் தெரியும். நேரே பார்த்தபடி, பட்டத்து யானை பின்வாங்குவது போல, நத்தையும் கொட்டாவி விடும் வேகத்தில் பின்னால் வந்தார். வந்து, நின்றிருந்த ஒரு சின்ன சிவப்புக் காரின் பக்கவாட்டில் ஒரு முட்டு. சத்தம் என்று பார்த்தால் தகர டப்பா கீழே விழுந்த சத்தம்தான். அந்தக் காருக்குள் ஒரு அம்மா, பின் சீட்டில் இருந்த பையை எடுக்க உடம்பைத் திருகிக் கையை நீட்டிய நிலையில் இருந்தார். மருந்துக்கடைக்கு இரண்டு கடை தள்ளி சலூன் வைத்திருக்கும் அம்மாதான் அவர். முன்னால் கட்டியிருந்த ஏப்ரனில் யார் யார் தலைமுடியோ ஒட்டிக்கொண்டிருக்க இறங்கி வந்தார். அவர் வண்டியில் ஒரு கீறல், விளக்குக் கண்ணாடியில் ஒரு விரிசல். நம் வண்டியில் பம்பர் ஓரம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, நீங்க பயப்படாதீங்க பெரியவரே என்று அவர்தான் உன் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். பெரியவரே என்ற அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு ஏற்பட்ட பெரிய காயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இங்கேதான் இந்தக் குடும்பத்தின் ஒட்டுமொத்த அறிவும் ஒரே இடத்தில் கூடி வேலைநிறுத்தம் செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டாமா என்று அந்த அம்மா கேட்டார். இந்த நகக்கீறலுக்கெல்லாம் கம்பெனி எதுக்கும்மா, நமக்குள்ள முடிச்சுக்கலாம் என்று பதில் சொன்ன மேதாவி நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியவில்லை, முயன்று பார்த்தேன். உன் அப்பாவுக்கு அது தேன் வார்த்த மாதிரி இருந்தது. காரணம் நம் ஜெராக்ஸ் கடைச் சுவர். பதினோரு வருடமாக அவர் ஓட்டும் வண்டிக்கு ஒரு பைசா கேட்டதில்லை என்று வருடா வருடம் கம்பெனி ஒரு நன்றிக் கடிதமும் ஒரு சலுகையும் தருகிறதே, அந்தப் பதினோரு கடிதத்தையும் லேமினேஷன் செய்து மெஷினுக்கு மேலே வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். எந்த அரசருக்கும் இத்தனை பட்டயம் கிடைத்ததில்லை. நகல் எடுக்க வருகிறவர்கள் ஒரு பக்கத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பதினோரு பக்கம் படித்தாக வேண்டும். காரை நீ உன் பெயரில் வாங்கி, பாலிசியும் உன் பெயரில் போட்டு, ஓட்டுகிறவர் என்று அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதிலிருந்து கடிதங்கள் உன் பெயருக்குத்தான் வருகின்றன, புகழ் மட்டும் அவருக்கு. சொன்னால் சலுகை போய்விடும், பன்னிரண்டாவது கடிதம் வராது என்று அவருக்குக் கவலை.

ஆனால் உன் அப்பா சாமானியப்பட்டவரா, முன்ஜாக்கிரதையின் மொத்த வியாபாரி அல்லவா? கடைக்கு வந்தார், உட்கார்ந்தார், இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில் என்று தொடங்கி, இரு தரப்பாருக்கும் இன்றும் என்றும் ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்விதக் குறையும் இல்லை என்று ஒரு ஒப்பந்தம் அடித்தார். இரண்டு நாடுகள் போரை நிறுத்தும்போதுகூட இத்தனை ஷரத்து போடமாட்டார்கள். அடித்த கையோடு, பழக்க தோஷம், மெஷினில் விட்டு லேமினேஷனும் செய்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்க சலூனுக்கு எடுத்துக்கொண்டு போனார். பிளாஸ்டிக் மேல் பேனா எழுதுமா? அந்த அம்மா சிரித்துவிட்டு, ஷாம்பு பாட்டிலுக்கு விலை எழுதும் மார்க்கரால் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், விளக்குக் கண்ணாடிக்கு உரிய பணத்தையும் வாங்கிக்கொண்டார். உன் அப்பா அந்தச் சாசனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் கம்பீரமாக நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒப்பந்தம் கையில் இருக்கிறது, கையெழுத்து சட்டையில் இருக்கிறது. என்ன ஏது என்று தெரியாமல் உன் அம்மா சட்டையைத் துவைத்துவிட்டார். உலகத்திலேயே ஆதாரத்தை ஊறவைத்து, அலசி, கொடியில் காயப்போட்ட குடும்பம் நாம்தான்.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு இது சிரிப்புச் செய்திதான். அன்றைக்கு பைண்டிங் கம்பி தேடும்போது லேமினேஷன் தாள் பெட்டிக்கு அடியில் ஒரு உறை அகப்பட்டது. உன் பெயருக்கு நம் கம்பெனி அனுப்பியது. உன் அப்பா பிரித்திருக்கிறார், படித்திருக்கிறார், படித்ததும் அண்ட பேரண்டத்தில் யாருமே தேடமாட்டார்கள் என்று நினைத்த ஒரே இடத்தில் ஒளித்திருக்கிறார். அந்த சலூன் அம்மாவுக்குத் தோள்பட்டை வலிக்குத் தெரபி நடக்கிறதாம், அவருடைய கம்பெனி நம் கம்பெனியைக் கேட்கிறதாம், இந்தத் தேதியில் இந்த இடத்தில் உங்கள் வண்டி மோதியதா, ஆம், இல்லை, ஒன்றில் குறியிட்டு வண்டிக்குரியவர் கையெழுத்துப் போட்டு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்பவும் என்று ஒரு படிவம். உன் அப்பா பென்சிலால் லேசாக ஒரு கட்டத்தில் குறி போட்டு வைத்திருந்தார். எந்தக் கட்டம் என்று நீயே யூகித்துக்கொள். கேட்டேன். அந்தம்மா நாடகம் போடுதுடா, ஒரு மாசம் கழிச்சா தோள் வலிக்கும், என்கிட்ட ஒப்பந்தம் இருக்கு என்றார். எங்கே, சட்டையிலயா என்று கேட்டதற்கு எழுந்து போனவர், திரும்பி வந்து தன் திட்டத்தையும் சொன்னார். கடை விஷயமாக ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் கேட்கப் போகிறாராம், படிவத்தில் அதைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று திட்டம். உன் அப்பா ஜென்மத்தில் செய்த முதல் கள்ளத்தனம், அதனால்தான் இத்தனை அழகாக இருக்கிறது.

நாடகம் என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. துப்பறியும் திலகமாகிய நான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று புதன்கிழமை காலை சலூனுக்கு முடிவெட்டப் போனேன். என் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதே, கடமைக்கு முன்னால் அதெல்லாம் பார்க்க முடியாது. உள்ளே போனால் பெரிய நாற்காலி இரண்டுக்கும் துணி போர்த்தி வைத்திருக்கிறது. மூலையில் குழந்தைகள் உட்காரும் ஒரு குட்டை முக்காலி. இதுல உட்காருங்க சார், இப்ப எல்லாருக்கும் இதுதான் என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட, கர்ப்பத்தில் இருக்கும் சிசு போலக் குந்திக்கொண்டு, வலிக்கிறதாம்மா என்று நைசாகக் கேட்டேன். கை மார்புக்கு மேல ஏறலைங்க, அதான் ஆளை இறக்கிட்டேன் என்று சிரித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதுவரைக்கும் கத்தரி மளமளவென்று வந்தது. உச்சிக்குப் போகும்போது வலது முழங்கையை இடது கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு வெட்டினார், உதட்டைக் கடித்துக்கொண்டு. நான் வேவு பார்க்க வந்தவன் என்று அவருக்குத் தெரியாது, அன்றைக்கு விபத்தின்போது அங்கே நின்றவன் என்று மட்டும் அடையாளம் தெரிந்தது. உங்க அண்ணன் நல்லாயிருக்காரா, பாவம் அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டாரு, அவர் மேல புகார் இல்லைங்க, தெரபிக்கு ஆகுற செலவுக்குத்தான் கம்பெனியில கேட்டேன், நின்னுக்கிட்டுச் செய்யுற தொழிலு, கை போச்சுன்னா கடை போச்சு என்றார். உயரமான ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் குட்டை முக்காலியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்களாம். நாடகம் என்றால் இப்படி யாரும் தன் வரும்படியைத் தானே விரட்டி நடிக்கமாட்டார்கள் மகளே. எழுந்து வரும்போது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது, வாயும்கூட.

வீட்டுக்கு வந்து முதல் முறையாக உன் பாலிசியைப் படித்தேன். எறும்புகள் தங்களுக்குள் படித்துக்கொள்ள அச்சடித்த எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், எத்தனை சின்ன மோதலாக இருந்தாலும், பணம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உடனே தெரிவிக்க வேண்டும் என்று நாலாம் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. பதினோரு வருடமாக நன்றிக் கடிதத்தை மட்டும் சுவரில் மாட்டினோமே தவிர, இந்தப் பக்கத்தை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் என்று குரலை மாற்றிப் பேசினேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள், சொல்றது வேற சார், பணம் கேக்குறது வேற, சும்மா தகவலுக்குன்னு சொல்லியிருந்தா நாங்க ரெண்டு வண்டியையும் அன்னைக்கே பார்த்து, படம் எடுத்து, எது எவ்வளவுன்னு நாங்களே பேசி முடிச்சிருப்போம், உங்க நண்பர் தலையிட வேண்டியதே இல்ல. சலுகை? அது பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தாமதமாகச் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாமாம், உண்மையைச் சொன்னால் பேச வழி இருக்கிறதாம். ஆனால் நடக்கவே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அது பொய் என்று தெரிந்தால் பாலிசி ரத்து, அதற்கப்புறம் நீ எந்த ஊரில் எந்த வண்டி வாங்கினாலும் இப்படி ஒருமுறை ரத்தானதா என்று படிவத்தில் கேட்பார்கள், நீ ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். உங்க நண்பரை இன்னைக்கே சொல்லச் சொல்லுங்க சார் என்று சொல்லிவிட்டு, அவருக்கு நீங்க தம்பியா என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன். அபார மூளை அந்தப் பெண்ணுக்கு.

வியாழக்கிழமை உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலியைச் சொன்னேன், முழங்கையைத் தாங்கிப் பிடித்ததைச் சொன்னேன். மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு திரும்பி, இவ்ளோ நியாயம் பேசுறியே, அன்னைக்குப் பின்னாடி நின்னு வா வா இன்னும் வான்னு கத்துனது யாருடா என்றார். ஆகா, கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிய இந்த உத்தமன் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் காருக்குள் இல்லை. வழி காட்டுகிறேன் என்று இறங்கிப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போனார்கள், அதில் ஒரு அழகன் தெரிந்தான், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, சரி செய்தேன். கை காலரில் இருந்தது, வாய் மட்டும் வா வா என்று சொல்லிக்கொண்டிருந்தது. உன் அப்பா என் வாயை நம்பி வந்தார். அறுபது வருடமாக என் வாயை நம்பாதவர், அன்றைக்கு ஒரு நாள் நம்பினார். இத்தனை நாளில் ஒருவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. அந்த அம்மாவிடமும் தப்பு என்னுதுதான் என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்புறம் என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார், புள்ள நம்பி விட்டுட்டுப் போன வண்டிடா, அவ கேட்டா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது. சலுகையும் கடிதமும் சுவரும் எல்லாம் மேல்பூச்சு மகளே. அவர் பயப்படுவது கம்பெனிக்கு இல்லை, உனக்கு.

ஆகவே இந்தச் சாம்ராஜ்யத்தின் சார்பில் நான் பிறப்பிக்கும் ஆணைகளைக் கவனி. இந்த உறைக்குள் அந்தப் படிவத்தின் நகல் இருக்கிறது, பென்சில் குறியை அழித்துவிட்டுத்தான் நகல் எடுத்தேன், மூலத்தை இருந்த பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். நகலில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம் என்று அந்தப் பெண் சொன்னாள். கூடவே பின்னால் நின்றவன் என்ற முறையில் நான் என் கைப்பட எழுதிய இரண்டு பக்கமும் இருக்கிறது, காலர் உட்பட. அதையும் சேர்த்து அனுப்பு, வெட்கப்பட்டு எடுத்துவிடாதே, உன் சித்தப்பாவின் அழகு அரசாங்க ஏட்டில் ஏறாவிட்டாலும் ஒரு இன்சூரன்ஸ் ஏட்டிலாவது ஏறட்டும். வெற்றுத்தாளில் மட்டும் யார் கேட்டாலும், உன் அப்பாவே கேட்டாலும், கையெழுத்துப் போடாதே. கம்பெனி நம்மிடம் ஏதாவது திருப்பிக் கேட்டால் அது நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நீ அங்கே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்க்காதே.

ஆனால் உடனே அனுப்பிவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு. இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், சனிக்குள் வந்துவிடும். வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. அப்பா போன் செய்வார், சாப்பாடு, சளி, வேலை எல்லாம் கேட்பார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கடை விஷயமா ஒரு சின்னக் கையெழுத்து என்று தொடங்குவார். அப்போது நீ வேறொன்றும் கேட்க வேண்டாம். வண்டி எப்படிப்பா இருக்கு, எங்கயாவது லேசா பட்டிருந்தாக்கூட என்கிட்ட சொல்லுப்பா, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன் என்று மட்டும் கேள். நீ குழந்தையாக இருந்தபோது பாத்திரம் உடைத்துவிட்டு நின்றால் உன்னிடம் அவர் கேட்பாரே, அந்தக் குரலில் கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, அவர் இருப்பார். எத்தனை நேரமானாலும் வைத்துவிடாதே. அவர் வாயால் அவரே சொல்லிவிட்டால் ஆம் என்று குறி போட்டு அன்றைக்கே அனுப்பிவிடு, நீ கேட்டதால் சொன்னார் என்று இருக்கட்டும், நான் எழுதியதால் என்று இருக்க வேண்டாம். சொல்லவில்லை என்றாலும் ஆம் என்றுதான் போட வேண்டும், அந்த அம்மாவின் தோள் காத்திருக்காது. ஆனால் சொல்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உனக்கு எல்லா நன்மையும் வந்து சேரட்டும், இருமல் மட்டும் வழி தவறிப் போகட்டும். நீ நினைக்கிற காரியமெல்லாம் கைகூடட்டும், உன் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து வண்டி ஓட்டட்டும். வெந்நீர் குடி. அம்மா இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை தனியே அனுப்பியிருக்கிறார், வந்ததும் சொல். மறந்துவிடாதே, இருபத்தெட்டாம் தேதி கடைசி, ஞாயிற்றுக்கிழமை வேறு எங்கும் போகாமல் போன் பக்கத்திலேயே இரு.

உன் நலத்தை உன்னைவிட அதிகமாக விரும்பும்,
உன் சித்தப்பா